விதைநெல்லுக்குப் பூசிய தங்கம்

ஏழு வருடம் இருக்கும். பொங்கல் முடிந்து, வீராணம் பக்கமெல்லாம் சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் சின்ன சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. மேடை அலங்காரம் வழக்கம்போல் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சும்மா சொல்கிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைந்ததில் ஒன்றைக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்பார்கள். பூசணி, வாழைத்தார், முருங்கைக்காய், முட்டை, காலைக் கட்டிய கோழி, எதுவும் இல்லாத வீட்டிலிருந்து ஒரு படி அரிசி. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரு தேங்காய்க்கு இரண்டு மச்சான்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்பதைப் பார்க்கவே கூட்டம் சேரும். அப்புறம் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு.

நான் நர்சரிப் பள்ளி டீச்சர். அட்டை, பசை, கத்தரிக்கோல் மூன்றும் கையில் இருந்தால் உலகத்தையே செய்துவிடலாம் என்று நம்புகிற ஜாதி. எங்கள் சபையில் காசுக்கு எப்போதும் பஞ்சம். அலங்காரத்துக்கு என்று ஒதுக்குவது பூவுக்கே காணாது. ஆகவே வீட்டில் கிடப்பதை வைத்துத்தான் ஒப்பேற்றுவோம். முட்டை அட்டைகளை வரிசையாக ஒட்டி சாம்பல் கலர் அடித்தால் ஈஸ்டருக்குக் கல்லறைப் பாறை தயார். பழைய தலையணை உறையில் பஞ்சை அடைத்து, காதுக்குக் கறுப்புத் துணி வைத்துத் தைத்தால் ஆட்டுக்குட்டி. தையலுக்கு எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். தூக்குகிற வேலைக்கு, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருக்கும் என் கொழுந்தனார். நாங்கள் மூன்று பேர்தான் மொத்த குழுவும்.

கொழுந்தனார் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பெரிய அட்டைப் பெட்டிகளில்தான் அதற்கு முந்தைய வருடம் நோவாவின் பேழையைக் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கைப் போட்டதும் பழுப்பு பெயின்ட்டுக்கு அடியிலிருந்து பெட்டியின் அச்சு மெல்ல மேலே தெரிந்தது. நனையாமல் வைக்கவும் என்பதற்கான குடை அடையாளம், பேழையின் நட்ட நடு வயிற்றில். ஆயர் பிரசங்கத்தில் ஜலப்பிரளயம் என்று சொல்லும்போதெல்லாம் பாடகர் குழு வாயைப் பொத்திக்கொண்டது. எனக்கு மானமே போய்விட்டது. அடுத்த வருடம் எல்லோரையும் வாயடைக்க வைக்கிறேன் என்று அப்போதே மனதுக்குள் சபதம் எடுத்தேன். இந்தக் கதையில் நடந்த தப்புக்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது.

அந்த வருடம் ஆயர் கொடுத்த தலைப்பு, ரூத் கதிர் பொறுக்கிய கதை. கணவனை இழந்த ஒரு பெண் தன் மாமியாரை விட்டுப் பிரிய மனமில்லாமல் மாமியாருடைய ஊருக்கே கூடப் போய், அங்கே அறுவடை நடக்கிற வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கி இருவர் வயிற்றையும் கழுவுகிறாள். அந்த வயல்காரன் அதைப் பார்த்துவிட்டு, அவளுக்காக வேண்டுமென்றே கொஞ்சம் கதிர்களைச் சிந்தவிடும்படி தன் ஆட்களுக்குச் சொல்கிறான். கேட்டதும் எனக்கு மேடை முழுவதும் கண்ணில் தெரிந்துவிட்டது. பின்னால் தையல் அக்காவின் மஞ்சள் புடவைகளில் வானம். முன்னால் நிஜமான நெற்கதிர்க் கட்டுகள், ஆள் உயரத்துக்கு. தெர்மோகோல் கிடையாது, அட்டை கிடையாது.

கொழுந்தனார் சிரித்தார். "அண்ணி, இப்ப கட்டெல்லாம் எங்க இருக்கு? மெஷின் உள்ள போனா நெல்லு ஒரு பக்கம், வைக்கோல் ஒரு பக்கம் வந்துடுது. நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க" என்றார். நான் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. பண்டிகைக்கு எட்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்.

கொழுந்தனார் சொன்னதுதான் நடந்தது. வழியில் இரண்டு இடத்தில் இறங்கிக் கேட்டேன். வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதிர்க்கட்டா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருவர் சினிமா ஷூட்டிங்கா என்று கேட்டார். வெயில் ஏறிவிட்டது, வெறும் கையோடு மறுபடி ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் உரப் பை. என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நான் வீட்டுக்குப் போன் செய்து புலம்பியது அவர் காதில் விழுந்திருக்கிறது. போனை வைத்ததும், என்ன விஷயத்துக்குக் கதிர்க்கட்டு என்று கேட்டார். சர்ச்சில் அறுவடைத் திருவிழா, மேடையில் வைக்க என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, தன்னிடம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்.

ஊர் பேர் சொல்ல வேண்டாம். காட்டுமன்னார்கோயிலுக்கு இரண்டு மூன்று நிறுத்தம் முன்னால். அவருக்கு ஒரு காணி நிலம். முக்கால்வாசியில் எல்லோரையும்போல் பொன்னி போட்டு மெஷினில் அறுத்திருந்தார். ஒரு ஓரத்தில் மட்டும் மாப்பிள்ளைச் சம்பா. அது உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும், மெஷின் விட்டால் மற்ற நெல்லோடு கலந்துபோகும் என்பதால் அதை அரிவாளில்தான் அறுப்பாராம். வீட்டுக்கு வேண்டிய நெல்லை அடித்துத் தூற்றி முடித்தாயிற்று. உள்ளறையில், சுவரோடு சாய்த்து, கதிர் மேலே பார்க்க எட்டுக் கட்டு நின்றது. ஆள் உயரம். 

அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதை நான் கேட்ட விதம்தான் வேறு.

"சாமி காரியத்துக்குத்தான கேக்குறீங்க, எடுத்துட்டுப் போங்க. இது விதைக்கு வச்சது டீச்சர். எங்கப்பா குடுத்துட்டுப் போன வித. நல்ல கதிரா பாத்துப் பாத்து அறுத்தது. ஈரம் படாம வச்சிருந்து, முடிஞ்சதும் இப்படியே குடுத்துடுங்க."

முதல் வாக்கியத்தோடு என் காது நின்றுவிட்டது. நான் அப்போது ஜாணால் கட்டின் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன். நான்கு இந்தப் பக்கம், நான்கு அந்தப் பக்கம். போட்டோ எடுத்துத் தையல் அக்காவுக்கு அனுப்பினேன். சரிம்மா, சரிம்மா என்று தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வகுப்பில் இப்படித் தலையாட்டுகிற பிள்ளைகளை நான் எழுப்பி நிற்க வைத்து, இப்போது நான் என்ன சொன்னேன் என்று கேட்பேன். அன்றைக்கு என்னை எழுப்பி நிற்க வைக்க யாரும் இல்லை.

பணம் எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். திருப்பிக் கொண்டுவர உங்களுக்கு ஏன் அலைச்சல், எனக்கும் கடலூரில் ஒரு வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். வாங்க, சாப்பாடு உண்டு என்று அழைத்துவிட்டு வந்தேன்.

எட்டுக் கட்டையும் பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸின் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கொண்டுவந்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் நான்கை அவரே தலையில் சுமந்து வந்து ஏற்றிவிட்டார். சிதம்பரத்தில் இறங்கி வேறு பஸ் மாறும்போது, கோயிலுக்கு வந்தவர் போலிருக்கிறது, ஒரு அம்மா கதிரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நெல்லை அப்படி ஒற்றிக்கொள்வதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பாருங்க, இப்போதே எல்லோரும் மயங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பண்டிகைக்கு முந்தைய நாள் மத்தியானம் மேடையைக் கட்டினோம். மஞ்சள் வானம் பிரமாதமாக வந்தது. கட்டுகளை நிறுத்தி விளக்கைப் போட்டோம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் நெல்தாள் காய்ந்து வெளிறி, அந்த வெளிச்சத்தில் கதிரும் வைக்கோலும் ஒரே நிறமாக, மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்ததுபோல் இருந்தது. போன வருடத்துக் குடை என் கண் முன்னால் வந்து நின்றது.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வாங்கியதில் தங்கக் கலர் ஸ்பிரே டின் மூன்று மீதி இருந்தது. எடுத்துவரச் சொன்னேன். தையல் அக்கா மட்டும், நெல்லு மேல அடிக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். திருப்பித்தானே தரப்போகிறோம், போனதைவிட அழகாகத் திரும்பிப் போகட்டுமே என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அந்தப் பெண் பார்த்து அசந்துபோவார் என்று நிஜமாகவே நம்பினேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டாகச் சுற்றிச் சுற்றி அடித்தேன். விளக்கைப் போட்டதும் மூன்று பேரும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தோம். உண்மையைச் சொல்ல வேண்டுமே, அவ்வளவு அழகாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்துக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள். குழந்தைகளை மேடைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். ஆயர் பிரசங்கத்துக்கு முன்னால் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கத்தில் குனிந்ததுபோல் தெரிந்திருக்கும். உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கிய நேரத்தில் அந்தப் பெண் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையில் சுருட்டிய ஒரு வெள்ளைத் துணியோடு, உள்ளே வரலாமா என்பதுபோல் நின்றார். கட்டுகளைச் சுற்றி எடுத்துப் போவதற்காக அந்தத் துணி. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து மேடைப் பக்கமாக அழைத்து வந்தேன். எப்படி இருக்கு பாருங்க என்றேன்.

 அவர் ஓரத்துக் கட்டிலிருந்து ஒரு கதிரை உருவி எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் ஒரு நெல்லைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு பல்லில் வைத்துக் கடித்து, உள்ளங்கையில் துப்பினார். தங்கத் துகளும் அரிசியுமாகக் கையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, குரலே உயராமல் சொன்னார்.

"இது மொளைக்காதே டீச்சர்."

அந்த ஒரு நொடியில்தான், எட்டு நாள் முன்பு அவர் சொன்ன மிச்ச வாக்கியங்கள் எல்லாம் என் காதுக்குள் வந்து சேர்ந்தன. விதைக்கு வச்சது. எங்கப்பா குடுத்தது. இப்படியே குடுத்துடுங்க.  

அதற்குள் மேடையில் ஏலம் விடுகிற கமிட்டிச் செயலாளர் பூசணியை முடித்துவிட்டு, ஒரு தங்கக் கட்டைத் தூக்கிப் பிடித்துவிட்டார். அதுவும் காணிக்கை என்று அவர் நினைத்தது நியாயம்தான். யாரிடமும் நான் சொல்லிவைக்கவில்லையே. கூட்டத்துக்கு ஏக உற்சாகம். ஒருவர் கேட்க, இன்னொருவர் ஏற்ற, நடு வீட்டில் வைக்க எனக்கு ஒரு கட்டு என்று பெண்கள் பக்கமிருந்தும் குரல் வந்தது. ஒரு தேங்காய்க்கு நடக்கிற போட்டியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ஏலம் போடுறாங்களா?" என்று பக்கத்தில் நின்ற அந்தப் பெண் என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார்.

அப்போது என் மனதில் ஓடியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன். பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். கெட்டது கெட்டுவிட்டது. நல்ல விலை போகிறது. அந்தப் பணத்தை அவர் கையில் கொடுத்து, ஒரு மன்னிப்பும் கேட்டு, பஸ் ஏற்றிவிட்டால் முடிந்தது. சபையில் என் பெயரும் கெடாது. ஆயர் பாராட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தனையும் இரண்டு மூச்சு நேரத்துக்குள் யோசித்துவிட்டேன்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த வெள்ளைத் துணியை மடித்து, சின்னதாக்கி, கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இனி அதற்கு வேலை இல்லை என்று முடிவுக்கு வந்ததுபோல். அது என்னைத் தள்ளிவிட்டது.

மேடை ஏறி மைக்கை வாங்கினேன்.  இது நம்முடையது இல்லை, இதோ நிற்கிறாரே அவருடைய விதைநெல், திருப்பிக் கொடுக்கிறேன் என்று வாங்கி வந்தேன், அழகுக்காகக் கலர் அடித்து நான் கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.  அழுதுவிட்டேன். ஏலக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் கோழியின் சத்தம் மட்டும் கேட்டது.

ஆயர் எழுந்து வந்தார்.  நேராக அந்தப் பெண்ணிடம் போய், ஏதாவது தேறுமாம்மா என்று கேட்டார். அவர் செயலாளர் கையிலிருந்த கட்டை வாங்கித் தரையில் கிடத்தினார். கட்டியிருந்த வைக்கோல் பிரியை அவிழ்த்து, கையால் அகலமாகப் பிரித்தார். வெளிச்சுற்றுக் கதிர் எல்லாம் தங்கம். நடுவில் இருந்தவை, வெளிக்கதிர் மறைத்துக்கொண்டதால், அவர் வீட்டில் நான் பார்த்த நிறத்திலேயே இருந்தன. அவர் இரண்டு மூன்று நெல்லைக் கடித்துப் பார்த்தார்.

"உள்ள இருக்கறது தப்பிச்சிருக்கு. ஆனா அடிக்க முடியாது, அடிச்சா எல்லாம் கலந்துடும். கையாலதான் ஒண்ணொண்ணா பொறுக்கணும்."

ஆயர் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பாய்களை விரியுங்கள் என்றார். சாப்பாடு கொஞ்சம் ஆறட்டும் என்றார்.

அன்றைக்கு நடந்ததை இப்போது நினைத்தாலும் என் கண் கலங்குகிறது. பெஞ்சுகளை எல்லாம் ஓரம் கட்டினார்கள். எட்டுப் பாய், பாய்க்கு ஒரு கட்டு. பண்டிகைக்கு எடுத்த பட்டுப் புடவையோடு பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். முழங்கால் மடங்காதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பொறுக்கினார்கள். ஏலத்தில் போட்டி போட்ட இருவரும் ஒரே பாயில். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுச் செயலாளர். அந்தப் பெண் பாய் பாயாகப் போய், எது எடுக்கலாம், எது கூடாது என்று காட்டிக் கொடுத்தார். நெல்லின் நுனியில் ஒரு புள்ளி தங்கம் இருந்தாலும் தள்ளிவிடச் சொன்னார். பொறுக்கியதைச் சமையல் பக்கமிருந்து வந்த தாம்பாளங்களில் சேர்த்தோம். பின்னாலிருந்து பிரியாணி மணக்கிறது, ஒரு பிள்ளைகூட பசிக்குது என்று சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். சொன்னார்கள், நன்றாகவே சொன்னார்கள். அவர்களுக்கு முதலில் போட்டு அனுப்பினோம்.

தையல் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அப்பவே கேட்டேன்ல, நெல்லு மேல அடிக்கலாமான்னு, என்றார். அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

கடைசியில் அந்தப் பெண்ணும் எங்கள் பாயில் வந்து உட்கார்ந்தார்.  பொறுக்கிக்கொண்டே, எதற்காக இந்த மேடை, என்ன கதை என்று கேட்டார். ரூத்தின் கதையைச் சொன்னேன். மாமியாரோடு போனாள் என்றதும் கை நின்றது. "மாமியாக்காரி கூடவா? தானா போனாளா?" என்று சந்தேகத்தோடு கேட்டார். பாயில் இருந்த அத்தனை மருமகள்களும் சிரித்தோம். அன்றைக்கு நான் முதல்முதலாக மூச்சு விட்டது அப்போதுதான். வயல்காரன் அவளுக்காகக் கதிரைச் சிந்தவிடச் சொன்னான் என்று சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவும் பொறுக்குவாங்க டீச்சர். அறுப்பு முடிஞ்ச காட்டுல, அடுத்தவன் கழனியில. நானும் கூடவே போவேன். ஆனா எங்களுக்குன்னு விட்டுட்டுப் போனவங்க யாரும் இல்ல. வெரட்டத்தான் வருவாங்க. அப்புறம்தான் எங்கப்பா ஒழச்சு இந்த ஒரு காணிய வாங்குனாரு. அதுல மொத மொத போட்டது இந்த நெல்லுதான்."

 பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்ற ஒரே உறவுக்காக, அதைத்தான் அவர் எனக்கு எடுத்துக் கொடுத்திருந்தார். நான் கதிர் பொறுக்கிய பெண்ணுக்கு மேடை கட்டுகிறேன் என்று போய், கதிர் பொறுக்கிய பெண்ணின் மகளுடைய விதையில் கை வைத்திருக்கிறேன். வரிசையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. எனக்காகப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"மன்னிப்பெல்லாம் நெல்லுக்குத் தெரியாது டீச்சர். மொளச்சா சொல்றேன்" என்றார்.

சாயங்காலம் ஆகும்போது எட்டுக் கட்டிலும் பொறுக்கி முடித்தோம். கொட்டி வைக்க ஒன்றும் அகப்படாமல், அலமாரியில் இருந்த பழைய ஆட்டுக்குட்டியின் வயிற்றைப் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டு, அந்தத் தலையணை உறையை உதறிக் கொடுத்தார் தையல் அக்கா. நெல் அதில் பாதிக்கு வந்தது. ஒரு பக்கம் இரண்டு கறுப்புக் காது தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைத் தூக்கிப் பார்த்து, லேசாகச் சிரித்தார். எட்டுக் கட்டில் வரவேண்டியதில் இது ரொம்பக் கம்மி, ஆனால் ஒரு சின்ன நாற்றங்காலுக்கு வரும், கொஞ்ச இடத்தில் நட்டு அதிலிருந்து பெருக்கிக்கொள்ளலாம், இரண்டு வருடத்தில் பழையபடி ஆகிவிடும் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டார். அதுவும் முளைத்தால்தான். பெயின்ட் வாடை உள்ளே இறங்கியிருந்தால் ஒன்றும் இல்லை. புது நெல் உடனே முளைக்காது, ஒரு மாதம் போனதும் ஒரு கைப்பிடி நனைத்துப் பார்ப்பேன் என்றார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கொழுந்தனார் வண்டியில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார்.

மிச்சமிருந்த தங்க நெல்லை என்ன செய்வது என்று போகும்போது கேட்டேன். குருவிக்குக்கூடப் போட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.  நானாகக் கூப்பிட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. ஜெபத்தில் என் பிள்ளைகளுக்குக் கேட்டதைவிட ஜாஸ்தி அந்த அரைத் தலையணை நெல்லுக்குத்தான் கேட்டேன். ஆண்டுப் பரீட்சை நேரம். ஒரு நாள் பள்ளியில், பிள்ளைகள் வரைந்த மாம்பழங்களுக்கு ஸ்டார் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்ததும் வணக்கம் எதுவும் இல்லை, நேராக விஷயம்தான்.

"டீச்சர், ஈரச் சாக்குல கட்டி வச்சிருந்தேன். இப்பதான் பிரிச்சேன். வெள்ள வெள்ளயா மொள எட்டிப் பாக்குது. நாலஞ்சுதான் சொத்த."

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவில் போய் நின்று அழுதேன். எனக்கு என்னவோ என்று பயந்து பிள்ளைகள் வாசலில் வந்து கூடிவிட்டார்கள். ஒன்றும் இல்லை, நெல் முளைத்துவிட்டது என்றேன். அவர்களும் கை தட்டினார்கள்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அவர் மறுபடி வந்தார். ஒரே ஒரு கட்டு, தலையில் சுமந்துகொண்டு. இது விதை இல்லை, உங்களுக்கு என்றே தனியாக அறுத்தது, என்ன கலர் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள் என்று கிண்டலாகச் சொன்னார். அதை அப்படியே மேடை நடுவில் நிறுத்தினேன். அந்த விளக்கில் அது வெளிறித்தான் தெரிந்தது. கொஞ்சம் டல்லா இருக்கே என்று யாரோ சொன்னார்கள். இருக்கட்டும் என்றேன். அதற்கப்புறம் கொரோனா வந்த வருடங்கள் தவிர, ஒவ்வொரு வருடமும் கட்டு வந்துகொண்டிருக்கிறது. இப்போது அவர் நிலத்தின் அந்த ஓரத்தில் பழைய அளவுக்கே மாப்பிள்ளைச் சம்பா நிற்கிறது. நடவின்போது ஒரு தடவை போய் வந்தேன். சேற்றில் இறங்கி இரண்டு முடி நாற்று நட்டேன், அவர் அதைப் பிடுங்கி மறுபடி நேராக நட்டார்.

இன்றைக்கும் எங்கள் சபையில் மேடை அலங்காரம் நான்தான். தையல் அக்கா மகனோடு சென்னைக்குப் போய்விட்டார், கொழுந்தனாருக்கு முட்டி வலி. முட்டை அட்டைகளும் தலையணை உறைகளும் தொடர்கின்றன. மேடைக்காக யார் வீட்டிலிருந்தாவது ஒரு பொருளைக் கேட்டு வாங்கும்போது, எடுத்துட்டுப் போங்க என்று அவர்கள் சொன்ன பிறகும் நான் நகர்வதில்லை. அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அன்றைக்குக் கெட்டுப்போன கதிர்களில் ஒன்று என் பீரோவில் இருக்கிறது. ஏழு வருடமாக உதிரவில்லை, கறுக்கவில்லை, ஒரு பூச்சிகூட அதைத் தொடவில்லை, துடைத்து வைத்தால் முதல் நாள் போலவே மின்னுகிறது. புடவை எடுக்கும்போது அது கையில் பட்டால், மேடைப் பக்கத்தில் நின்று ஒரு வெள்ளைத் துணியைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்த இரண்டு கைகள்தான் இன்னமும் எனக்கு ஞாபகம் வருகின்றன.